வீடு திரும்பும் நாள்: போதைச் சார்பும் மீட்சியின் கால அளவும் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

போதை மறுவாழ்வு மையத்தின் வாசலில், சிகிச்சை முடிந்தவரை அழைத்துப்போக வந்து நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் எளிதில் மறக்காது. அம்மா புதுச் சட்டை ஒன்றை மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்திருப்பார். மனைவி அதிகம் பேசமாட்டார். மைத்துனர் ஆட்டோ பிடிக்கப் போயிருப்பார். கன்னம் தேறி, நாலைந்து கிலோ கூடி, கை நடுங்காமல் அவர் படியிறங்கி வருவார். "இனி பயமில்லைங்க, நல்லாயிட்டாரு" என்று ஊழியர் சொல்வார். பணம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. ஒரு கணக்கு முடிந்ததாக எல்லோருக்கும் தோன்றும்.

அந்தக் கணக்கு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மையத்தில் கழித்த நாட்களைக் கொண்டு சிகிச்சையை அளக்கிறோம்: 21 நாள், 30 நாள், 90 நாள். மையம் உடலிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றுகிறது. மூளை படித்து வைத்திருக்கும் பாடத்தை அதனால் வெளியேற்ற முடியாது. அந்தப் பாடம் வீட்டிலும் தெருமுனையிலும் சம்பள நாளிலும் படித்தது. அதற்கு எதிரான பாடத்தையும் அங்கேயேதான் படிக்க வேண்டும். ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி தொடங்குவதே வீடு திரும்பும் நாளில்தான். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளில் உயிருக்கு ஆபத்து மிகுந்த காலமும் அதை ஒட்டியதே.

கஞ்சா, 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்பெட்டமின் ஆகியவை இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. மது, ஓபியாய்டு என்ற இரண்டை மட்டுமே ஆராய்கிறேன். தமிழ்நாட்டில் மிகுதியான வீடுகளைத் தொட்டிருப்பது மது. நோயின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுவது ஓபியாய்டு.

சிக்கலின் அளவுக்கு ஒரு சான்று போதும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி, மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். மதுச் சார்புநிலைக்கு ஆளானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மையத்தின் வாசலை எட்டுபவரே இவ்வளவு அரியவர் என்னும்போது, அவரை அந்த வாசலோடு கைகழுவி விடுவது எவ்வளவு பெரிய விரயம்!

2. சொற்கள் குறித்து

'குடிகாரன்' என்பது வசை. 'போதைக்கு அடிமை' என்பது இரக்கம் கலந்த வசை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் தமிழில் எழுந்து பேசுபவர்கள் தங்களைக் 'குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. செய்ததற்கான பொறுப்பை அது மறுக்கவில்லை. ஒழுக்கக் கேடு என்று தூக்கி எறியவும் இடம் கொடுக்கவில்லை. இக்கட்டுரை அதையே கையாள்கிறது. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடங்களில் 'சார்புநிலை' என்ற சொல் வருகிறது.

சார்புநிலையை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. தினமும் ஒரு குவார்ட்டர் போடுபவரைவிட, வாரம் இருமுறை குடித்து அந்த இரண்டு நாளும் நிறுத்த முடியாமல் போகிறவர் ஆழமாகச் சிக்கியிருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டு, 12 மாதத்துக்குள் அவற்றில் 2 இருந்தாலே நோய் தொடங்கிவிட்டதாகவும் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையானதாகவும் கொள்கிறது. அந்தப் 11-ஐயும் நம் ஊர்ப் பேச்சில் சுருக்கினால் மூன்றுக்குள் அடங்கிவிடும்: நினைத்த அளவில் நிறுத்த முடியாமை, இல்லாவிட்டால் உடம்பு தாங்காமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முதலிடத்துக்கு வந்துவிடுதல். மூன்றாவதைத்தான் வீட்டார் முதலில் கண்டுகொள்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் காணாமல் போகும் நாளில்.

நிறுத்தியவர் ஒருமுறை தொட்டுவிடுவதைச் 'சறுக்கல்' என்றும், பழைய நிலைக்கே திரும்பிவிடுவதை 'மறுவீழ்ச்சி' என்றும் பிரித்துச் சொல்கிறேன். இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதை ஏழாம் பகுதி காட்டும்.

3. மூளை படித்த பாடம்

3.1 எதிர்பார்ப்பு

1990-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தார். முதலில் சாறு நாவில் பட்டபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு சமிக்ஞை வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு சமிக்ஞைக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் பெரிதாக அசையவில்லை. சமிக்ஞை வந்தும் சாறு வராமல் போனால் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது.

குடிநோயாளியின் மாலைப் பொழுதை விளக்க இது போதும். அவருடைய மூளை துடிப்பது மது உள்ளே இறங்கும்போது அல்ல. அதற்கு வெகு முன்னால். வேலை முடிந்து கை கால் கழுவும்போது, பேருந்திலிருந்து வழக்கமான நிறுத்தத்தில் இறங்கும்போது, கடைப் பக்கத்துத் தள்ளுவண்டியில் சுண்டல் தாளிக்கும் வாசனை வரும்போது, "மச்சான், எங்க இருக்க?" என்று போன் வரும்போது. அவை எல்லாம் சமிக்ஞைகள். சமிக்ஞை வந்தும் மது வராவிட்டால் உண்டாகும் தாழ்வைத்தான் அவர் 'மனசே சரியில்லை' என்கிறார். மையத்துக்குள் இந்தச் சமிக்ஞைகளில் ஒன்றுகூட இல்லை. அங்கே முப்பது நாள் ஆசையே வரவில்லை என்று அவர் சொன்னால் அது பொய் அல்ல. குணமானதற்கு அது சான்றும் அல்ல.

3.2 பழகிப்போதல்

மது மூளையின் அடக்கும் விசையைக் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால், மூளை தன் கிளர்ச்சி விசையை உயர்த்திச் சமன் செய்துகொள்கிறது. அளவு கூடிக்கொண்டே போவது இதனால்தான். அடக்கும் விசையைத் திடீரென்று எடுத்துவிட்டால், உயர்த்தி வைத்த கிளர்ச்சி கட்டின்றி ஓடுகிறது. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை. சுவரில் பூச்சி ஊர்வதாகவும், செத்துப்போன அப்பா வாசலில் நிற்பதாகவும் சொல்வார்கள். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு. இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது; மருத்துவமனையில் இருக்க வேண்டிய நேரம் அது. ஹெராயினை நிறுத்தும்போது உடல் படும் பாடு பார்க்கவே பதறவைக்கும் என்றாலும், மதுவை நிறுத்தும் அளவுக்கு உயிராபத்து அதில் பெரும்பாலும் இல்லை. மக்கள் மனத்தில் இது தலைகீழாகப் பதிந்திருக்கிறது.

3.3 இடமும் ஒரு மருந்து

ஷெப்பர்ட் சீகல் 1982-இல் செய்த எலிச் சோதனை, இத்துறையின் மிக வினோதமான சோதனைகளில் ஒன்று. ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு ஒரே பெரிய அளவு மருந்து தரப்பட்டது. வழக்கமாக ஊசி போடப்பட்ட அறையிலேயே பெற்றவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறந்தன. புதிய அறையில் பெற்றவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. பழக்கமே இல்லாத எலிகள் ஏறக்குறைய எல்லாமே. அதாவது தாங்கும் திறன் உடம்பில் மட்டும் இல்லை; இடத்தோடும் பிணைந்திருக்கிறது. பழகிய அறையைக் கண்டதுமே உடல் எதிர்ப்புக்குத் தயாராகிறது. எலிக்கு அறை எப்படியோ, மனிதருக்குப் பாலத்தடியும் நண்பனின் மாடியறையும் அப்படி.

4. இடம் மாறினால் போதுமா?

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியது 1971-இல் பெரிய அரசியல் பீதியானது. லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் நாடு திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறக்குறைய 20 சதவீத வீரர்கள் அங்கே தாங்கள் சார்புநிலைக்கு ஆளானதாக ஒப்புக்கொண்டிருந்தனர். ஆனால் அப்படி ஆளானவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று ஆண்டுகளில் 12 சதவீதம். அன்றைய மருத்துவ உலகம் இதை நம்பவே தயங்கியது.

இந்த ஆய்வைப் பாதியாகக் கேட்டவர்கள் 'இடத்தை மாற்றினால் சரியாகிவிடும்' என்று முடிவு கட்டுகிறார்கள். நம் குடும்பங்கள் ராபின்ஸைப் படிக்காமலேயே இதைச் செய்துவருகின்றன. திருப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்கு, வளைகுடாவில் வேலைக்கு, அல்லது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துப் 'பொறுப்பு வரட்டும்' என்று. கடைசியாகச் சொன்னதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை மருந்தாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.

ராபின்ஸின் வீரர்கள் போதையைப் படித்த இடத்தை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டார்கள். அந்தச் சந்துகளும் சகாக்களும் பயமும் ஒரு கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நம் குடிநோயாளிக்கு நேர்வது தலைகீழ். சிகிச்சை பெறுவது அந்நிய இடத்தில். திரும்பி வருவது போர்க்களத்துக்கு. அதே ஆய்வு உண்மையில் நமக்குத் தரும் எச்சரிக்கை இதுதான்.

அந்தத் திரும்புதல் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்குப் பிரிட்டனில் 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு சாட்சி. ஓபியாய்டு சார்புக்காக உள்நோயாளிகளாக இருந்த 137 பேரை அது தொடர்ந்தது. ஓராண்டுக்குள் மிகை அளவால் இறந்தவர்கள் மூவர். மூவருமே சிகிச்சையை முழுதாக முடித்து, உடல் தூய்மையாகி வெளியே போனவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவர்கூட அப்படி இறக்கவில்லை. எண்ணிக்கை சிறியது, அதை வைத்துப் பெரிய விதி எழுத முடியாது. ஆனால் காரணம் விளங்கக்கூடியது. தாங்கும் திறன் போய்விட்டது, பழைய அளவு மட்டும் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்கள் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வும் இதையே பெரிய அளவில் காட்டியது: வெளியே வந்த முதல் இரு வாரங்களில் மிகை அளவால் இறக்கும் அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைப்போல 129 மடங்கு.

ஆகவே, ஓபியாய்டு சிகிச்சை முடிந்து வருபவரின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி 'இனி பயமில்லை' என்பதற்கு நேர் எதிரானது.

5. மாலை போட்ட நாட்கள்: ஓர் உள்ளூர்ச் சான்று

கார்த்திகை முதல் நாள் தமிழ்நாட்டில் ஒரு மாபெரும் மதுவிலக்கு நடக்கிறது. அரசாணை இல்லை, மருத்துவர் இல்லை, மையம் இல்லை. சபரிமலைக்கு மாலை போடும் ஆண்களில், வருடம் முழுக்கக் குடிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது எந்தத் தெருவுக்கும் தெரிந்த செய்தி. 41 நாளோ 48 நாளோ ஒரு மண்டலம் அவர்கள் தொடுவதில்லை. போதைச் சார்பு பற்றிய நம் ஆய்வுகள் இந்த நிகழ்வை ஏன் இவ்வளவு குறைவாகக் கண்டுகொள்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

விரதத்தின் அமைப்பைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் உடை. கறுப்பு வேட்டி கட்டியவர் கடைப்படி ஏறினால் ஊரே பார்க்கும், விற்பவரே, "என்ன சாமி?" என்று கேட்பார். இரண்டாவது பெயர். நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் இன்று 'சாமி' என்கிறார்கள்; மனைவியும் மகனும்கூட. பழைய ஆள் தற்காலிகமாக ஊரில் இல்லை. மூன்றாவது நேரம். விடியற்காலைக் குளியல், மாலைக் குளியல், விளக்கு, சரணம், பஜனை. குடிக்கும் நேரமான அந்தி சரியாக வேறொன்றால் நிரப்பப்படுகிறது. நான்காவது கூட்டம். மாலைதோறும் கூடும் சாமிகளில் பழைய குடிச் சகாக்களும் இருப்பார்கள்; சேர்ந்து குடித்தவர்களே சேர்ந்து விரதம் இருக்கிறார்கள். ஐந்தாவது குருசாமி. பல வருடம் மலைக்குப் போய்வந்த மூத்தவர். தடுமாறினால் ஓடிப்போய்ச் சொல்லவும் கேட்கவும் ஓர் ஆள். ஆறாவதாக வீட்டின் நடத்தை. தனிப் பாத்திரம், தனிப் பாய், முதல் பந்தி. அவமானப்பட்டுக் கிடந்தவர் திடீரென்று வீட்டின் நடுவே மரியாதையோடு உட்கார்கிறார்.

எதிர்பார்ப்பைக் கிளப்பும் சமிக்ஞைகளில் பெரும்பாலானவற்றை இந்த அமைப்பு மையத்துக்குக் கொண்டுபோகாமல், அதே தெருவில் வைத்தே மாற்றி எழுதுகிறது. மனவுறுதி என்று நாம் புகழ்வது பெருமளவு இந்த ஏற்பாடுதான். அதே மனிதருக்கு ஆடி மாதத்தில் அந்த உறுதி இருப்பதில்லையே!

இதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று மருத்துவக் குறை. காலையில் எழுந்ததும் கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், முந்தைய இரவுவரை குடித்துவிட்டுக் கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால், மூன்றாம் நாள் சித்தப்பிரமையில் விழக்கூடும். அதை 'சாமி குற்றம்' என்று எண்ணிப் பரிகாரம் தேடுவதில் உயிர்காக்கும் நேரம் போய்விடும். அத்தகையவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோயிலிலும் தர்காவிலும் கயிறு கட்டிக் குடியை விடுபவர்களுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, விரதத்துக்கு முடிவு நாள் இருக்கிறது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும் உடையும் பெயரும் கூட்டமும் ஒரே பொழுதில் கலைகின்றன. சிலர் வரும் வழியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். மையத்திலிருந்து திரும்பும் நாளும் மாலை கழற்றும் நாளும் ஒரே வடிவம் கொண்டவை: தாங்கி நின்ற எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் உருவிவிடுவது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச் சந்தைத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் நுட்பம் புரிகிறது. புதிய பெயர், மாலை நேரக் கூட்டம், மூத்தவர் ஒருவரின் துணை, முன்னாள் குடிகாரர்களே சகாக்கள். விரதத்தில் உள்ளவை ஏறக்குறைய எல்லாம் அங்கே இருக்கின்றன. முடிவு நாள் மட்டும் இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்று விரதத்தை ஒரு நாளாகச் சுருக்கி, அதைத் தினமும் புதுப்பிக்கிறார்கள். இந்தியாவில் 1957 முதல் இவ்வியக்கம் இயங்குகிறது, கட்டணம் கிடையாது.

6. மருந்துகளும் ஒரு மோசடியும்

மது நிறுத்தத்தின் முதல் வாரத்துக்கு மருத்துவர்கள் பென்சோடயாசெபைன் வகை மருந்துகளைக் குறைந்துகொண்டே போகும் அளவில் தருகிறார்கள். கூடவே தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து. நெடுநாள் குடித்தவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிலையான சேதம் வரலாம். அதன் பிறகு ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை. இவை அதிசயம் செய்வதில்லை. சறுக்கலின் வேகத்தைக் குறைக்கின்றன, அதுவே பெரிது.

டைசல்ஃபிராம் வேறு ரகம். 1940-களின் இறுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் குடிநோய்க்குப் பயன்படும் என்று கண்டது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை அது மேலும் சிதையவிடாமல் தேக்குகிறது. மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிகிறது. இதயமோ கல்லீரலோ பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். ஆகவே நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டிய மருந்து அது.

நம் சுவர்களிலும் பேருந்துகளிலும் 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் இருந்தால் அது சாம்பாரில் கலந்த விபத்து. ஒன்றுமே இல்லாவிட்டால் பணம் போயிற்று. எதுவானாலும், கணவன் ஒருநாள் கண்டுபிடிக்கும்போது அந்த வீட்டில் சோற்றின் மேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று. வேறு வழி தெரியாத பெண்களின் தவிப்பை வைத்து நடக்கும் வியாபாரம் இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓபியாய்டுக்கு மருந்தின் பங்கு மிகப் பெரிது. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் மெதடோன் மருந்தை நீண்டகாலம் தொடர்ந்து தருவதன் மூலம் நோயாளிகள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பமுடியும் என்று காட்டினார்கள். பின்னர் வந்த புப்ரினார்ஃபின் இன்னும் பாதுகாப்பானது. ஓபியாய்டு ஏற்பியில் அது பாதியளவு மட்டுமே வேலை செய்கிறது. அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அமுக்குவதில்லை. பிரான்ஸ் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இதை எழுதித்தர அனுமதித்தது. 1995-க்கும் 1999-க்கும் இடையில் மிகை அளவு மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்ற கேள்வி இங்கே தவறாமல் எழும். கேட்பவரை அலட்சியப்படுத்தக் கூடாது. சென்னையிலேயே புப்ரினார்ஃபினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் பகுதியில் சொன்ன மூன்று அறிகுறிகளை வைத்துப் பாருங்கள். மேற்பார்வையில் நாளுக்கு ஒருமுறை நாவின் அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு உடற்பழக்கம் இருக்கிறது. கட்டுப்பாட்டு இழப்பு இல்லை, வாழ்க்கையின் முதலிடத்தை அது பிடித்துக்கொள்ளவும் இல்லை. இன்சுலின் போடுபவரை நாம் இன்சுலினுக்கு அடிமை என்பதில்லை.

7. வீட்டாரின் பங்கு

'அவனாகத் திருந்தினால்தான் உண்டு' என்ற பேச்சு, வீட்டாரின் கையைக் கட்டிப்போட்டு, அவன் அடிமட்டத்தைத் தொடும்வரை காத்திருக்கச் சொல்கிறது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை பற்றிய 1999-ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பமே கூடி நோயாளியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தனர். வீட்டார் தங்கள் மன அமைதியை மட்டும் பார்த்துக்கொள்ளும் முறையில் 13 சதவீதம். மேயர்ஸ் முறையில் 64 சதவீதம்.

அந்த முறையின் சாரம் எளியது. குடிக்காத பொழுதை வீட்டில் இனிமையாக்குவது. குடித்த பொழுதில் அந்த இனிமையை அமைதியாக விலக்கிக்கொள்வது. குடியின் விளைவுகளைத் தாங்கித் துடைக்காமல் விடுவது. பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. அடி விழும் வாய்ப்பு இருந்தால் முதலில் தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. குடித்துவிட்டு வரும் இரவில் சண்டையும் சாபமும், நடுவழியில் விழுந்துகிடந்தால் தூக்கிவந்து குளிப்பாட்டல், காலையில் மேஸ்திரிக்குப் போன் போட்டு "காய்ச்சல்ணே" என்று பொய். குடிக்காமல் வந்த அபூர்வ மாலையில்? பழைய பாக்கியெல்லாம் அன்றுதான் கேட்கப்படும், ஏனென்றால் அன்றுதான் அவருக்குக் காது கேட்கிறது.

திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் கடைசி இரண்டு குறள்களையும் அடுத்தடுத்துப் படித்தால் வள்ளுவர் நேரத்தைப் பற்றிப் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. முதலாவது, போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசுவது வீண் என்று சொல்கிறது. அடுத்தது, தெளிந்திருக்கும் பொழுதில் இன்னொரு குடிகாரனைப் பார்ப்பவனின் மனத்தைப் பற்றிக் கேட்கிறது. உரைகள் இதை அறிவுரையின் பயனின்மையாக மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சறுக்கல் நேரும் நாளில்தான் குடும்பத்தின் உண்மையான வேலை. ஆலன் மார்லட் 1980-களில் விளக்கியபடி, ஒரு டம்ளர் மறுவீழ்ச்சியாக மாறுவதற்குக் காரணம் அந்த டம்ளரைவிட, அதற்குப் பின் வரும் எண்ணம்: 'எல்லாம் போச்சு, இனி என்ன'. வீட்டார் அன்று "இத்தனை லட்சம் செலவு பண்ணியும் நீ இப்படித்தான்" என்றால் அந்த எண்ணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எட்டு மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒரு நாள் குடித்தால் எட்டு மாதம் அழிந்துவிடுவதில்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு, முன்னால் என்ன நடந்தது என்று மறுநாள் காலை அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதுவே அடுத்த மாதத்துக்கான வரைபடம்.

பெண் குடிநோயாளிகளுக்கு இந்தப் பகுதியில் சொன்னவற்றில் பாதி பொருந்தாது. கணவனை மையத்திலிருந்து அழைத்துப்போக மனைவி வருகிறாள். மனைவியை அழைத்துப்போகக் கணவன் வருவது அரிது. அவர்களை மறைத்து வைக்கும் வெட்கம் அவர்களை எண்ணிக்கையிலிருந்தும் மறைக்கிறது என்றே நினைக்கிறேன்.

8. சட்டம்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சார்புநிலைக்கு ஆளான ஒருவர் சிறிய அளவு தொடர்பான வழக்கில், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழிசெய்கிறது. மகனைக் காட்டிக்கொடுத்தால் சிறைதான் என்று அஞ்சும் பெற்றோர் அறிய வேண்டியது இது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன்படி எவரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட மாநிலத்துக்கு இந்த விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு மையம் அடித்துத் திருத்துவதாகப் பெருமை பேசினால், குடும்பத்தைப் பல வாரம் பார்க்கவே விடாவிட்டால், பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால், அங்கிருந்து திரும்பிவிடலாம்.

9. கால அளவு

தாமஸ் மெக்லெல்லனும் சகாக்களும் 2000-இல் எழுதிய கட்டுரை, சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் போதைக்குத் திரும்புவதை எடுத்துக்கொண்டு, அதை ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளோடு ஒப்பிட்டது. அவர்களிலும் ஆண்டுதோறும் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி தலைதூக்குகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால், மாத்திரை வேலை செய்திருக்கிறது என்கிறோம். மையத்தை விட்டு வந்ததும் குடி திரும்பினால் மட்டும், சிகிச்சை தோற்றது என்கிறோம்.

இந்த முரணைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் நடைமுறையில் தீர்க்க முயன்றிருக்கிறார். கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனை பலரை மீட்டது. ஆனாலும் கிராமத்துக் குடிநோயாளி அங்கே வர முடியவில்லை, வந்தாலும் ஊர் திரும்பியதும் தொடர்பு அறுந்தது. ஆகவே சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடியில் முகாம் அமைத்து, உள்ளூர் மக்களின் துணையோடு, மனைவிமாரையும் சேர்த்துச் சிகிச்சை தந்து, முகாம் முடிந்த பிறகும் அதே ஊரில் தொடர்ந்து சந்தித்தார்கள். 1994-இல் 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் இந்த அனுபவம் பதிவானது. அந்த முறையின் அழகு, நோயாளி 'வீடு திரும்பும் நாள்' என்ற ஒன்றை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டதில் இருக்கிறது. அவர் ஊரை விட்டுப் போகவே இல்லை.

எல்லா ஊரிலும் முகாம் நடத்த முடியாது. ஆனால் மையத்தின் விடுவிப்புத் தாளை மாற்றி எழுதலாம். இன்று அதில் மாத்திரையின் பெயரும் அடுத்த வருகைத் தேதியும் இருக்கின்றன. அவற்றோடு இவையும் இடம்பெற வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை எத்தனை கடைகள், வேறு வழி உண்டா. சம்பளம் எந்தக் கிழமை, முதல் இரண்டு மாதம் யார் கையில் வரும். மாலை 6 முதல் 9 வரை எங்கே இருப்பார், யாரோடு. குடிக்கச் சொல்லி அழைக்கும் போன் வந்தால் திருப்பி அழைக்க ஓர் ஆள் யார். அருகில் கூட்டம் எங்கே, எந்த நாள். நெருங்கிவரும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழாத் தேதிகள் எவை. சறுக்கினால் அன்றிரவு வீட்டில் யார் பேசுவது, யார் பேசாமல் இருப்பது. நோயாளி, மனைவி, ஆலோசகர் மூவரும் உட்கார்ந்து எழுதினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆட்டோ சற்று நேரம் வெளியே காத்திருக்கட்டும்.